ஏழாம் நம்பர் கொக்கி

ஜூன் 3, திங்கள்

என் ஸ்கூட்டர் ஷெட் இன்றிலிருந்து ஷெட் இல்லையாம், 'ஒர்க்‌ஷாப்'பாம். மாப்பிள்ளையின் உத்தரவு. நேரில் பார்த்தால் 'வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை' என்று மரியாதையாகத்தான் பேசுகிறேன். இது என் நோட்டு. இதில் அவன் இவன் என்றுதான் எழுதுவேன்.

தரணிகுமார், என் மகள் கோகிலாவின் வீட்டுக்காரன். சம்பளம் பெங்களூர் கம்பெனியில், உட்கார்ந்திருப்பது உடுமலைப்பேட்டையில் என் வீட்டு மாடியில். கோகிலாவுக்கு இங்கே காலேஜில் வேலை கிடைத்ததும் ஜனவரியில் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார்கள். அவள் எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். இவன் மாடியில் லேப்டாப்பைத் தட்டுவான். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், கீழே இறங்கி வந்து ஷெட்டில் ஏதாவது பண்ணுவான். சுத்தியலை அவன் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் மைக் பிடித்துப் பாடப் போகிறான் என்று நினைக்கத் தோன்றும்.

நான் முப்பத்து நாலு வருஷம் மில்லில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்து ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவன். என் டிரில்லிங் மிஷின் சாக்குப்பையில் இருந்தது, இரும்பு அறுக்கிற கட்டிங் மிஷின் பெயிண்ட் பக்கெட்டில் இருந்தது, ஒயர் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. சரிதான். ஆனால் எது எங்கே என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் தேடினால் கிடைத்துவிடும்.

இப்போது சுவர் முழுக்கப் பலகை. தட்டுக்கு நம்பர். ஒவ்வொரு மிஷின் வைக்கிற இடத்திலும் அந்த மிஷினின் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருக்கிறான்.

"எடம் காலியா இருந்தா பார்த்ததும் தெரிஞ்சிருமுங்க மாமா."

காலியாக இருந்தால் காலியாகத்தான் தெரியும். அதற்கு எதற்கடா பெயிண்ட்?

ஜூன் 5, புதன்

சட்டம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறான். வேலை முடிந்ததும் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி தட்டுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். பிளேடைக் கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும். கடைசியாக வெளியே போகிறவர் கதவோரம் இருக்கிற சிவப்புக் கைப்பிடி மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இதையெல்லாம் இவன் எனக்குச் சொல்லித் தருகிறான்.

இதைவிடப் பெரிய கூத்து, பேர் வில்லை. மரத்தில் வட்டமாக அறுத்து, பேர் எழுதி, ஓட்டை போட்டிருக்கிறான். மிஷினை எடுக்கிறவர் அந்தத் தட்டின் கொக்கியில் தன் வில்லையை மாட்ட வேண்டும். திருப்பி வைத்துச் சரிபார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். என் சம்சாரம் மயிலாத்தாளுக்கும் ஒன்று. அவள் சந்தோஷம் தாங்காமல் அதைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள்.

மில் ஸ்டோரில் பித்தளை வில்லை இருந்தது. என் நம்பர் 412. அதைக் கொடுத்தால்தான் ஸ்டோர்க்காரன் ஸ்பானர் தருவான். அது எண்ணூறு பேர் வேலை பார்த்த இடம். இங்கே இருக்கிறதே ரெண்டு பேர். என் வீட்டில் என் மிஷினை எடுக்க நான் வில்லை மாட்டணுமா? என்னுடையதை ஆணி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஜூன் 8, சனி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் திறந்து பேசத் தெரியவில்லை. எல்லாம் முணுமுணுப்பு. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டான். நானும் "ஆமாங்க, ஆமாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்டானாம்.

குக்கரும் கெட்டுப் போச்சு. விசிலே வருவதில்லை. மயிலாத்தாள் நாலு விசில் வந்துவிட்டது என்று சாதிக்கிறாள்.

கோகிலா காது டாக்டரிடம் போகலாம் என்கிறாள். எனக்கா? மில்லில் ஒரே ஹாலில் நூல் நூற்கிற ஃபிரேம் இருபது ஓடும். அந்தச் சத்தத்தில் எதிரில் நிற்பவன் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று பிடித்துவிடுவோம். காது இல்லாதவனா நான்?

ஜூன் 11, செவ்வாய்

யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். மேல் டேங்க் ஒரு மணி நேரம் வழிந்து வாசல் எல்லாம் தண்ணீர். நான் வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

விரலில் ஒரு கீறல். கீறல்தான். கட்டிங் மிஷினை அணைத்துவிட்டுக் கீழே வைத்தேன், பிளேடு நின்றுவிட்டது என்று நினைத்தேன், நிற்கவில்லை. இதற்குப் போய் மயிலாத்தாள் ஊரைக் கூட்டினாள். "அந்த இரைச்சல்கூடவா உங்களுக்குக் கேக்கலே?" என்றாள். இரைச்சல் இருந்தால் கேட்டிருக்காதா?

சாயங்காலம் கோகிலா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்படியே அவள் அம்மா.

"இதுதான் கடைசி. ஷெட்டுல இனி ஒரு தப்பு நடந்தாலும், யார் பண்ணாலும் சரி, அத்தனை மிஷினையும் பொள்ளாச்சி சம்பத் மாமனுக்குக் குடுத்துருவேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். பாவம், அவனுக்கு முகம் செத்துவிட்டது. மிஷின் போனால் அவன் எந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்காருவான்? எனக்கென்ன. எனக்கு ஆயிரம் சோலி இருக்கிறது.

என்ன சோலி என்று மயிலாத்தாள் கேட்டாள். சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை அதைக் கத்தரித்து ஷெட் கதவில் ஒட்டிவிட்டான். எனக்குப் படிக்கத் தெரியாது பாருங்கள்.

மயிலாத்தாளுக்குத் துணி காயப்போடக் கொடிக்கம்பம் வேண்டுமாம். ஆங்கிள் இரும்பு ரெண்டு துண்டு வெட்ட வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

காலை: எட்டே முக்காலுக்கு வெட்ட ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போச்சு. ஐந்து நிமிஷம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள், கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள். மிஷினை ஏழாம் நம்பர் தட்டில், கறுப்புப் பெயிண்டுக்கு மேலே, துளி பிசகாமல் வைத்துவிட்டு வந்தேன். எவனும் குறை சொல்ல முடியாது.

மாலை: மாப்பிள்ளைக்குக் கையில் காயம். பதினோரு தையல்.

ஜூன் 21, வெள்ளி

அந்தத் தட்டுக்கு முன்னால் ஒரு விளிம்புச் சட்டம் வைத்திருந்தால் மிஷின் விழுந்தே இருக்காது. பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவனுக்குச் சட்டம் அடிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 22, சனி

என்ன நடந்தது என்று எழுதி வைப்பது நல்லது. மில்லில் ஏதாவது நடந்தால் அப்படித்தான் செய்வோம்.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லாவிட்டால் என்ன, அரம் இருக்கிறதே. பாதி அறுத்த இரும்பை வைஸ் இடுக்கியில் கட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ராவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர். மூன்றரைக்கே கரண்ட் வந்திருக்கிறது. ஐந்துக்கு என்றவர்கள் மூன்றரைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திடீரென்று யாரோ என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். ஸ்டூலோடு விழுந்தேன். மாப்பிள்ளை. என் மேல் விழுந்து கிடக்கிறான். "டேய், என்னடா பண்றே!" என்று கத்திவிட்டேன். நேரில் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம்தான் பார்த்தேன். கட்டிங் மிஷின் தட்டிலிருந்து கீழே விழுந்து, ஒயரில் தொங்கிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என் கழுத்து உயரத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அவன் வலது முழங்கைக்குக் கீழே சட்டை கிழிந்து ரத்தம். இடது கையால் எட்டி அந்தச் சிவப்புக் கைப்பிடியை இறக்கினான். மிஷின் நின்றது.

மாடியில் மீட்டிங்கில் இருந்தவனுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. ஜன்னலிலிருந்து 'மாமா, மாமா' என்று கத்தினானாம். படியிலும் கத்திக்கொண்டே இறங்கி வந்தானாம். பக்கத்து வீட்டு ஆட்கள்கூட வெளியே வந்துவிட்டார்களாம்.

நான் ராவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கோகிலா வந்து நின்றதும், "யார் சுவிட்சைப் போட்டபடியே வெச்சது?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவன், "நான்தான். காலைல எடுத்தேன், கரண்ட் போச்சு, அணைக்க மறந்துட்டேன்" என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னது மட்டும் நல்ல தெளிவாகக் கேட்டது.

கோகிலா அவனை அந்த நர்சுகளுக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டாள். "எங்கப்பன் கழுத்துல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பே? ஊருக்கெல்லாம் சட்டம் எழுதி ஒட்டினியே, நீ படிச்சியா அதை?" 

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் போனது ஷெட்டுக்கு. இடது கையால் தடவித் தடவித் தன் வில்லையை ஏழாம் நம்பர் கொக்கியில் மாட்டினான். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆள் பக்காவாகப் பொய் சொல்கிறான். ஆதாரத்தோடு.

ஜூன் 25, செவ்வாய்

மாப்பிள்ளைக்குத் தசைநாரில் கொஞ்சம் வெட்டு. ஆறு வாரம் கட்டு. ஒற்றைக் கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறான். கோகிலா அவனோடு பேசுவதை அளவாக வைத்துக்கொண்டிருக்கிறாள். ஷெட் சாவி ரெண்டையும் வாங்கிக்கொண்டாள். சம்பத் ஜூலை ஏழு ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வருகிறானாம். சம்பத்! டிரில்லிங் மிஷினைக் கொடுத்தால் அதில் மோர் கடைவான்.

எனக்கு ஒரு வகையில் நல்லதுதான். ஷெட் பழையபடி ஷெட்டாகிவிடும்.

ஜூன் 27, வியாழன்

மயிலாத்தாளிடம் ரெண்டாவது தடவை சோறு கேட்டேன். போடவில்லை. "சத்தமாக் கேளுங்க. எனக்குக் காது மந்தம்" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அன்று காலை நான் வெட்டும்போது, பொறி பறக்கிறது என்று துணியை எடுத்துக்கொண்டு அக்கட்டால் தள்ளிப் போனதே அவள்தானே.

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டனுங்க, ஏன் சாமி நீங்க பழியை எடுத்துப் போட்டுக்கிட்டீங்கன்னு. 'மாமாவுக்கு அந்த ஷெட்டை விட்டா வேற என்னங்க அத்தை இருக்குது? எனக்காச்சும் ஆபீஸ் இருக்குது'ங்கறாரு. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"

வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். இந்தப் பொடியன் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறானாம். சுத்தியல் பிடிக்கத் தெரியாதவன்.

ஜூன் 30, ஞாயிறு

ஏன் அணைக்கவில்லை? பத்து நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

மில் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் உண்டு. கரண்ட் போனால் அது தானாக விழுந்துவிடும். திரும்பிக் கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாது. யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். முப்பத்து நாலு வருஷம் அதுதான் வழக்கம். கரண்ட் போனால் கையை உதறிவிட்டு டீ குடிக்கப் போவோம். என் கைக்கு அதுதான் தெரியும். இந்தச் சின்ன மிஷினுக்கு ஸ்டார்ட்டர் ஏது? சுவிட்சை முன்னால் தள்ளினால் தள்ளினபடியே நிற்கும். பிளக்கும் சுவரிலேயே இருந்தது. பிளக்கைப் பிடுங்கி முன்னால் தொங்கவிட்டிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. கதவில் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறான். அப்ரண்டிஸ் பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஃபோர்மேன் சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

தூ. என்ன பெரிய ஃபோர்மேன்.

அதுகூடப் போகட்டும், மறதி. மூன்றடி தூரத்தில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்றுகிற மிஷின். மாடியில் இருந்தவனுக்குக் கேட்டது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

இதற்கு மேல் இன்று எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 3, புதன்

கொடிக்கம்பம் இன்னும் பாதியில் நிற்கிறது.

ஜூலை 5, வெள்ளி

சாப்பிடும்போது மாப்பிள்ளை இடது கையால் ஸ்பூன் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தான். கோகிலா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்படி ஒரு கோழையை நான் மில்லில் பார்த்திருந்தால் என் பிரிவிலேயே வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜூலை 6, சனி

காலையில் கோகிலா அட்டைப்பெட்டிகளோடு ஷெட்டைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். ஒவ்வொன்றாகப் போகப் போகச் சுவரில் கறுப்பு உருவங்கள் மட்டும் மிஞ்சின. டிரில்லிங் மிஷின் மாதிரி ஒன்று, ரம்பம் மாதிரி ஒன்று. இடம் காலியாக இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும் என்றான். தெரிகிறது.

மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால் அறுத்து, வரைந்து, நம்பர் போட்டது அத்தனையும். தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். சொல்லவில்லை.

நான் உள்ளே போய் ஆணி டப்பாவைத் திறந்தேன். அடியில் கிடந்தது. 'சென்னியப்பன்' என்று அழகாகத்தான் எழுதியிருந்தார், இத்தனை நாள் நான் சரியாகப் பார்த்ததில்லை. வேட்டியில் துடைத்தேன். ஏழாம் நம்பர் கொக்கியிலிருந்து அவர் வில்லையை எடுத்தேன். என்னுடையதை மாட்டினேன். மாட்டுவதற்கு மூன்று தடவை ஆயிற்று.

"அம்மணி, அன்னிக்கு மிஷினை எடுத்தது நான். சுவிட்சை அணைக்காம வெச்சது நான். ஆஸ்பத்திரியில வாயை மூடிட்டு நின்னதும் நான்தான். மாப்பிள்ளை தொடவே இல்லை. சம்பத்தை வர வேண்டாம்னு சொல்லு."

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "மாமா, எதுக்குங்க இப்ப..." என்றார். உதட்டைப் பார்த்தேன்.

கோகிலா பெட்டிக்கு மேல் குனிந்தபடி அப்படியே நின்றாள். முதுகு என் பக்கம். தோள் அசைந்தது. ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள்.

வழக்கமாக இந்த இடத்தில் "சரி சரி" என்பேன். இல்லாவிட்டால் "ஆமாமா" என்பேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். இன்றைக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கேக்கலே கண்ணு" என்றேன். "எனக்குக் காது கேக்கறதில்லை. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு."

திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்குச் சாயங்காலமே அம்மா எனக்குச் சொல்லிருச்சு! பதினாறு நாளா நீங்க சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கறேன்! நாளைக்கு ஒரு வேனும் வராது. ஆனா காது டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தாத்தான் சாவி!"

மயிலாத்தாள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் மிளகாயைக் கிள்ளப் போய்விட்டாள். வில்லி.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவருக்கும் வாய் பிளந்துதான் இருந்தது. இந்த வீட்டில் ஏமாந்தது நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான்.

மத்தியானம் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பழையபடி வைத்தோம். அவர் இடது கையால் நம்பரைக் காட்டினார், நான் வைத்தேன். கட்டிங் மிஷினை வைக்கும்போது பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டேன், பிளக்கை முன்னால் தொங்கவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். வில்லையை எடுத்தேன். கடைசியாக நான்தான் வெளியே வந்தேன், மெயினை இறக்கினேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன்: அந்தத் தட்டுகளுக்கு முன்னால் விளிம்புச் சட்டம் இல்லாதது தப்புத்தான். அதை நான் அடித்துத் தருகிறேன். அவர் அடித்தால் நேராக வராது.

ஜூலை 8, திங்கள்

பத்தரைக்கு டாக்டர். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார். அவருக்குக் கையில் கட்டு, அதனால் ஸ்கூட்டரை நான் ஓட்ட வேண்டும். பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தால் என் தோளில் ரெண்டு தட்டுத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.